பெயர்ப்பலகை இரண்டு, கிடங்கு ஒன்று



இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். வழக்கம்போல வரலாறுதான். ஆனால் ராஜாக்கள், போர்கள், உடன்படிக்கைகள் எதுவும் இதில் இல்லை. கணினிகள் ஒன்றுக்கொன்று கடிதம் அனுப்பிக்கொண்ட வரலாறு. நான் கணினி படித்தவன் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் பெற்ற இடைநிலை ஆசிரியர். அதனால் எனக்குப் புரிந்த விதத்தில், உங்களுக்கும் புரிகிற விதத்தில் எழுதுகிறேன்.

இதை எழுதத் தூண்டியவர் 1998-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த ஒரு மாணவர். இப்போது வெளிநாட்டில் வேலை. அவருடைய அண்ணன் கணினிப் பொறியாளர்; சில ஆண்டுகளுக்கு முன்பு காலமாகிவிட்டார். அண்ணன் 2009, 2010 வாக்கில் யூஸ்நெட்டில் புரோகிராமிங் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். அந்தக் கடிதங்களைத் திரட்டி அண்ணன் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டும் என்பது தம்பியின் ஆசை. யூஸ்நெட் சேவை தரும் இரண்டு நிறுவனங்களில் சந்தா கட்டித் தேடினார். ஒன்றில் காணாத கடிதங்கள் மற்றதிலும் காணவில்லை. "எப்படி சார் ரெண்டு கம்பெனியிலயும் அதே லெட்டர் மட்டும் இல்லாம போகும்?" என்று கேட்டார்.

நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்ல 1979-க்குப் போக வேண்டும்.

அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் டியூக் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஆராய்ச்சி மாணவர்களாக இருந்த டாம் டிரஸ்கட், ஜிம் எல்லிஸ் இருவருக்கும் ஒரு யோசனை வந்தது. அந்தக் காலத்தில் ஆர்பாநெட் என்ற கணினி வலை இருந்தது. ஆனால் அது ராணுவத் துறையோடு ஒப்பந்தம் உள்ள இடங்களுக்கு மட்டும்தான். டியூக்குக்கு அதில் இடம் இல்லை. "அதில் சேர முடியாவிட்டால் என்ன, நாமே ஒன்று செய்துகொள்வோம்" என்று முடிவு செய்தார்கள். பக்கத்து ஊரான சாப்பல் ஹில்லில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் படித்த ஸ்டீவ் பெல்லோவின் முதல் புரோகிராமை எழுதிக் கொடுத்தார். 1980-இல் யூஸ்நெட் வெளியாருக்கும் திறந்துவிடப்பட்டது. ஆர்பாநெட்டில் இடம் கிடைக்காதவர்கள் கட்டியது என்பதால் இதற்கு 'ஏழைகளின் ஆர்பாநெட்' என்றே பெயர் வந்தது.

வேலை செய்த விதம் எளிமையானது. ஒரு கணினி இரவில், தொலைபேசிக் கட்டணம் குறைந்த நேரத்தில், அடுத்த கணினிக்கு மோடம் வழியாகப் போன் போடும். "என்னிடம் இன்று வந்த கடிதங்கள் இவை, உன்னிடம் இல்லாததை எடுத்துக்கொள்" என்று கொடுக்கும். அந்தக் கணினி தன் பங்குக்கு இன்னொன்றுக்குக் கொடுக்கும். ஒவ்வொரு கடிதத்துக்கும் தனி அடையாள எண் உண்டு. அதனால் வந்த கடிதமே இரண்டாம் முறை வந்தால் தள்ளிவிடலாம். எந்தெந்தக் கணினி வழியாக வந்தது என்பதும் கடிதத்தின் தலைப்பகுதியில் பதிவாகியிருக்கும். நம் ஊரில் தபாலில் குத்தும் முத்திரைகள் மாதிரி.

இதில் கவனிக்க வேண்டியது, நடுவில் தலைமை அலுவலகம் என்று ஒன்று கிடையாது. ஒவ்வொரு இடத்திலும் முழுப் பிரதி இருக்கும். ஒரு கணினி படுத்துவிட்டால் அடுத்த ஊர்க் கணினியில் அதே கடிதம் பத்திரமாக இருக்கும். யூஸ்நெட்டின் பலம் முழுவதும் இதில்தான் இருந்தது.

ஆனால் போன் பில்லை யாராவது கட்ட வேண்டுமே! தொலைதூர அழைப்புகளின் செலவைப் பெரும்பாலும் சில பெரிய நிறுவனங்களின் கணினிகளே சுமந்தன. 1980-களின் நடுவில் கடிதங்களில் பெரும்பகுதி இந்தப் பெரிய கணினிகளின் வழியாகத்தான் போய்வந்தது. அதற்கு 'பேக்போன்', அதாவது முதுகெலும்பு என்று பெயர். செலவு செய்பவர் கைக்கு அதிகாரம் போவது உலக வழக்கம். எந்தப் புதிய விவாதக் குழுவுக்கு இடம் கொடுப்பது, எதற்கு மறுப்பது என்று இந்தக் கணினிகளின் பொறுப்பாளர்களே முடிவு செய்யத் தொடங்கினார்கள். 1986, 1987-இல் எல்லாக் குழுக்களுக்கும் புதிய பெயர் வைத்து ஒழுங்குபடுத்தியதும் அவர்கள்தான்.

சிலருக்கு இது பிடிக்கவில்லை. பிரையன் ரீட் என்பவர் சமையல் குறிப்புகளுக்கான குழுவை நடத்திவந்தார்; அதற்கு வைத்த பெயரை அவர் ஏற்கவில்லை. ஜான் கில்மோர் என்பவர் கேட்ட ஒரு குழுவுக்கு இடம் மறுக்கப்பட்டது. இவர்களோடு கோர்டன் மோஃபெட் சேர்ந்தார். 1987-இல் மூவரும் கலிபோர்னியாவில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து பேசி, பேக்போன் வழியைத் தொடாமல் தங்கள் கணினிகளை நேரடியாக இணைத்துக்கொண்டார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'ஆல்ட்' என்று தொடங்கும் குழுக்களின் வரிசை.

மாணவர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர்கள் மனு எழுதவில்லை, கோஷம் போடவில்லை. தங்களுக்கென்று ஒரு வழி போட்டுக்கொண்டார்கள். 'வேறு நிறுவனம்' என்பதும் 'வேறு வழி' என்பதும் ஒன்றல்ல என்பதை 1987-லேயே புரிந்துகொண்டவர்கள் அவர்கள்.

தனி வழி இருப்பதன் பயன் 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் தெரிந்தது. கோர்பச்சேவைச் சிறைவைத்து ஆட்சியைப் பிடிக்க ஒரு கூட்டம் முயன்றது. பத்திரிகைகளுக்குத் தடை போட்டார்கள். தொலைக்காட்சியைக் கையில் எடுத்தார்கள். ஆனால் ரெல்காம் என்ற சிறிய கணினி வலை, பின்லாந்துக்குப் போகும் தொலைபேசி இணைப்பு வழியாக இயங்கிக்கொண்டே இருந்தது. மாஸ்கோ தெருவில் நடந்த செய்திகள் யூஸ்நெட் குழுக்களுக்குப் போயின. வெளியுலகச் செய்திகள் உள்ளே வந்தன. எல்லாம் ஒரே குழாயில் ஓடியிருந்தால் ஒரு திருகில் அடைத்திருப்பார்கள்.

அடுத்தது சேமிப்பின் கதை. ஆரம்ப நாட்களில் இடப் பற்றாக்குறையால் பெரும்பாலான இடங்களில் பழைய கடிதங்களை அழித்துவிடுவார்கள். கனடாவில் டொராண்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையில் கணினிகளைப் பார்த்துக்கொண்ட ஹென்றி ஸ்பென்சர் 1981 முதல் 1991 வரை வந்தவற்றைக் காந்த நாடாக்களில் ஏற்றி வைத்தார். மொத்தம் 141 நாடாக்கள். இருபது லட்சம் கடிதங்கள் அளவுக்கு அதில் மிஞ்சின. இன்று யூஸ்நெட்டின் முதல் பத்தாண்டை நாம் படிக்க முடிகிறது என்றால் பெருமளவு அந்த ஒரு மனிதர் குப்பையில் போட மறுத்ததால்தான்.

1995-இல் டேஜா நியூஸ் என்ற நிறுவனம் கடிதங்களைச் சேமித்துத் தேடும் வசதி செய்தது. 2001-இல் கூகுள் அதை வாங்கியது. அதே ஆண்டு டிசம்பரில் ஸ்பென்சரின் நாடாக்களையும் சேர்த்து, இருபது ஆண்டுக் கடிதங்களை மக்கள் பார்வைக்கு வைத்தது. நல்ல காரியம். ஆனால் உலகம் முழுவதும் "கூகுளில்தான் இருக்கிறதே" என்று நிம்மதியாகிவிட்டது. 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குரூப்ஸ் புதிய யூஸ்நெட் கடிதங்களை வாங்குவதையும் அனுப்புவதையும் நிறுத்திக்கொண்டது. பழையவை பார்வைக்கு இருக்கின்றன.

இதற்கிடையில் இணைய இணைப்புத் தரும் நிறுவனங்களும் ஒவ்வொன்றாக விலகின. முன்பெல்லாம் இணைப்பு வாங்கினால் யூஸ்நெட்டும் கூடவே கிடைக்கும். 2005-இல் ஏஓஎல் அதை நிறுத்தியது. 2008-இல் நியூயார்க் மாநிலத்தின் தலைமைச் சட்ட அதிகாரி ஆண்ட்ரூ குவோமோ, குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள் சில குழுக்களில் பரவுவதைச் சுட்டிக்காட்டி நடவடிக்கை எடுத்தார். நியாயமான கவலைதான். அதையொட்டி டைம் வார்னர் கேபிள் யூஸ்நெட் சேவையையே கைவிட்டது. வெரைசன், ஸ்பிரிண்ட் நிறுவனங்கள் ஆல்ட் வரிசை முழுவதையும் எடுத்துவிட்டன. 2010 மே 20 அன்று, யூஸ்நெட் பிறந்த டியூக் பல்கலைக்கழகமே தன் சர்வரை மூடியது. பயன்படுத்துவோர் குறைவு, செலவு அதிகம் என்பது காரணம்.

மிஞ்சியவை சந்தா வாங்கும் நிறுவனங்கள். யூஸ்நெட்டில் இப்போது எழுத்தை விடப் பெரிய கோப்புகளே மிக அதிகம். நாள் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கான டெராபைட் வந்து குவிகிறது. இதைப் பல ஆண்டுகள் சேமித்து வைக்கும் பணபலம் மிகச் சிலருக்குத்தான் உண்டு. மற்றவர்கள் அந்தச் சிலரிடம் மொத்தமாக வாங்கித் தங்கள் பெயரில் விற்கிறார்கள். கடைத்தெருவில் நான்கு கடைகள். நான்கு கடைக்கும் சரக்கு வருவது ஒரே மொத்த வியாபாரியின் கிடங்கிலிருந்து. அந்தக் கிடங்கில் இல்லாத சரக்கு எந்தக் கடையில் கிடைக்கும்?

என் மாணவருக்கு நடந்தது இதுதான். அவர் இரண்டு பெயர்ப்பலகைக்குப் பணம் கட்டியிருக்கிறார், கிடங்கு ஒன்றுதான். அது தெரிந்தபின் ஒன்றை நிறுத்திவிட்டு, சொந்தச் சேமிப்பு வைத்திருக்கும் வேறொரு நிறுவனத்தில் ஒரு மாதத்துக்குச் சேர்ந்தார். காணாமல் போயிருந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அங்கே கிடைத்தன. "அண்ணன் ஒரு சின்னப் பையனோட சந்தேகத்துக்கு மூணு நாள் பொறுமையா பதில் எழுதியிருக்கான் சார்" என்று அனுப்பியிருந்தார். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

பழைய சுவடிகளைப் பதிப்பித்தவர்களுக்கு இந்த உண்மை தெரியும். உ.வே. சாமிநாதையர் ஒரு நூலைப் பதிப்பிக்க ஊர் ஊராகப் போய் வெவ்வேறு இடத்துச் சுவடிகளைத் தேடினார். ஏன்? ஒரே சுவடியைப் பார்த்து எழுதிய பத்துப் பிரதிகள் பத்துச் சாட்சிகள் ஆகாது. மூலத்தில் ஓர் ஏடு உடைந்திருந்தால் பத்திலும் அந்தப் பாட்டு இருக்காது. வேறு வழியில் வந்த ஒரே ஒரு பிரதி அந்தப் பத்தை விட மதிப்புள்ளது.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளில் சிலர் யூஸ்நெட் சந்தா வைத்திருப்பீர்கள். உங்களுக்காகச் சில குறிப்புகள்.

ஒன்று: நிறுவனத்திடம் நேராகக் கேளுங்கள். "கடிதங்களைச் சேமிக்கும் சர்வர் உங்களுடையதா, வேறொருவருடையதை விற்கிறீர்களா? யாருடைய பேக்போன்?" ஒழுங்கான நிறுவனம் பதில் சொல்லும். மழுப்பினால் அதுவே பதில்.

இரண்டு: நீங்களே சோதிக்கலாம். ஒவ்வொரு சேமிப்புக் கிடங்கும் குழுவில் உள்ள கடிதங்களுக்குத் தன் வரிசைப்படி எண் போடும். கடிதத்தின் தலைப்பகுதியில் 'எக்ஸ்ரெஃப்' என்ற வரியில் அந்த எண் இருக்கும். ஒரே கடிதத்தை இரண்டு சேவையிலும் திறந்து பாருங்கள். எண்கள் அப்படியே ஒத்துப்போனால் பெரும்பாலும் கிடங்கு ஒன்றுதான்.

மூன்று: நாட்டையும் பாருங்கள். அமெரிக்காவில் உள்ள சர்வரும் நெதர்லாந்தில் உள்ள சர்வரும் புகார் வந்தால் கடிதங்களை நீக்கும் முறை வெவ்வேறு. ஆனால் திருட்டுப் பிரதி தேடுவதற்கு இதை ஒரு வழியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உழைத்தவன் கூலியில் கை வைப்பது எந்த நாட்டிலும் தவறுதான்.

நான்கு: இரண்டு இடத்திலும் மாதச் சந்தா தேவையில்லை. முதன்மையாக ஒன்றை வைத்துக்கொண்டு, வேறு பேக்போனில் 'பிளாக்' கணக்கு வாங்கலாம். இத்தனை ஜிகாபைட் என்று ஒருமுறை பணம் கட்டிவிட்டு, தேவைப்படும்போது மட்டும் எடுப்பது. பல நிறுவனங்களில் அதற்குக் காலக்கெடு கிடையாது.

ஐந்து: தனிக் கிடங்கு என்பதாலேயே ஒரு நிறுவனம் சிறந்தது ஆகிவிடாது. சிறிய நிறுவனத்தில் சேமிப்புக் காலம் குறைவாக இருக்கலாம். முதலில் ஒரு மாதம் மட்டும் சேர்ந்து பாருங்கள்.

ஆறு: எழுத்து மட்டும் போதும் என்றால் பணமே வேண்டாம். எழுத்துக் கடிதங்கள் சிறியவை என்பதால் தன்னார்வலர்கள் நடத்தும் சிறு சர்வர்களே தாங்கும். 'எட்டர்னல் செப்டம்பர்' அப்படி ஒரு இலவச சேவை. 1979-இன் குணம் கொஞ்சமாவது மிச்சம் இருப்பது இந்த மாதிரி இடங்களில்தான்.

யூஸ்நெட்டே தெரியாத என் உறவினர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. கல்யாண ஆல்பம், தாத்தாவின் கையெழுத்துக் கடிதம், பத்திர நகல் எல்லாவற்றையும் போனிலும் 'ட்ரைவிலும்' வைத்திருக்கிறோம், இரண்டு இடத்தில் இருக்கிறது என்று நினைக்கிறீர்கள். இரண்டும் ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு என்றால் அது ஓரிடம்தான். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு தனி ஹார்டு டிஸ்கில் ஏற்றி, வேறு ஊரில் இருக்கும் அக்கா வீட்டிலோ தம்பி வீட்டிலோ கொடுத்து வையுங்கள்.

உங்களில் யாராவது அந்தக் காலத்தில் 'சோக் கல்ச்சர் தமிழ்' குழுவில் ஆங்கில எழுத்தில் தமிழ் எழுதிச் சண்டை போட்டிருந்தால் கீழே சொல்லுங்கள். அந்தக் கடிதங்களின் பிரதி கையில் இருந்தால் இன்னும் நல்லது. பத்திரமாக வைத்திருங்கள்.

எல்லோரும் நலமாக இருங்கள்.