தொண்ணூறு சதவீதம் முடிஞ்சாச்சு!

சாலையோரத்தில் நிற்கும் மைல்கல்லிடம் யாரும் கதை விட முடியாது. தாண்டினீர்களா, இல்லையா? அவ்வளவுதான் கேள்வி. 'ஏறக்குறைய தாண்டிவிட்டேன்' என்ற பதிலே கிடையாது. இந்தச் சின்ன விஷயம் புரிவதற்கு சாஃப்ட்வேர் உலகம் கோடிக்கணக்கான டாலரைத் தொலைக்க வேண்டியிருந்தது.

1964, ஏப்ரல் 7. ஐ.பி.எம். தன்னுடைய சிஸ்டம்/360 கம்ப்யூட்டர் வரிசையை அறிவித்தது. சரி, மெஷினை ஓட்ட ஆபரேட்டிங் சிஸ்டம் வேண்டுமே? அந்தச் சுமை ஃப்ரெட் புரூக்ஸ் என்பவர் தலையில் ஏறியது. உச்சக்கட்டத்தில் ஆயிரம் பேருக்குமேல் வேலை பார்த்தார்கள். 1963 முதல் 1966 வரை சுமார் ஐயாயிரம் ஆள்-வருஷம் செலவாகியிருக்கும் என்பது புரூக்ஸின் கணக்கு. ஒரே ஆளிடம் கொடுத்திருந்தால், எகிப்தில் பெரிய பிரமிடு எழும்புவதற்கு முன்பே அவர் உட்கார்ந்திருக்க வேண்டும்!

இத்தனை பேர் இருந்தும் சாஃப்ட்வேர் தாமதமாகத்தான் வந்தது. செலவு, போட்ட மதிப்பீட்டைப்போலப் பல மடங்கு. புரூக்ஸ் 1965இல் ஐ.பி.எம்.மிலிருந்து விலகி, பேராசிரியராகப் போனார். "மெஷின் செய்வதைவிட புரோகிராம் எழுதுவதை நிர்வகிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்?" என்று நிறுவனத்தின் தலைவர் தாமஸ் வாட்சன் ஜூனியர் கேட்ட கேள்வி மட்டும் அவரை விடவில்லை. பத்து வருஷம் கழித்து, 1975இல், 'தி மித்திகல் மேன்-மன்த்' என்ற புத்தகமாகப் பதில் எழுதினார்.

அதில் ஒரு இடம். ஒரு திட்டம் வருஷக்கணக்கில் தள்ளிப்போவதற்குப் பூகம்பமெல்லாம் வர வேண்டியதில்லை என்கிறார். இன்றைக்கு ஒருத்தருக்குக் காய்ச்சல். நாளைக்கு மெஷின் படுத்துவிடும். அரை நாள், ஒரு நாள்தானே என்று எல்லோரும் விட்டுவிடுவார்கள். அதைக் காட்டிக்கொடுக்கத்தான் மைல்கல். ஆனால், அந்தக் கல்லையே களிமண்ணில் செய்து வைத்தால்?

"கோடிங் எந்த அளவில இருக்கு?"

"தொண்ணூறு சதவீதம் முடிஞ்சாச்சு சார்!"

அடுத்த மாசமும் இதே பதில்தான். சொல்பவர் பொய்யர் இல்லை, பாவம். மிச்சமுள்ள பத்து சதவீதத்துக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று அவருக்கே தெரியாது. அதனால் புரூக்ஸ், 'கோடிங் முடிந்தது' என்று சொல்லாதே என்றார். முழுவதும் எழுதி, கார்டில் பஞ்ச் செய்து, டிஸ்க்கில் ஏற்றியாயிற்றா? எல்லா டெஸ்ட்டிலும் தேறியதா? ஆம் அல்லது இல்லை. மூன்றாவது பதிலுக்கு இடமில்லை.

எல்லோரும் படித்தார்கள், பாராட்டினார்கள். ஒன்பது வருஷம் கழித்து, மைக்ரோசாஃப்ட் அதே குழியில் விழுந்தது.

1984 செப்டம்பர். விண்டோஸுக்கான 'வேர்ட்' வேலை ஆரம்பம். ஒரே வருஷத்தில் முடிப்பதாகத் திட்டம். 1985இல் கேட்டார்கள்: இன்னும் சுமார் ஒரு வருஷம். 1986இல் கேட்டார்கள்: இன்னும் சுமார் ஒரு வருஷம்! கடைசியில் வெளிவந்தது 1989 நவம்பரில்.

இத்தனைக்கும் அங்கே அட்டவணை இருந்தது, கெடுவும் இருந்தது. கெடு நெருங்க நெருங்க, புரோகிராமர்கள் வேலையை 'முடித்து'க் கொடுத்தார்கள். ஒரு வரியின் உயரத்தைக் கணக்கிட வேண்டிய இடத்தில், ஒருத்தர் கணக்கே போடாமல் எப்போதும் 12 என்று பதில் வரும்படி எழுதிவிட்டார் என்று ஒரு கதைகூட உண்டு. அட்டவணைப்படி அது முடிந்த வேலை. தப்பென்று யாராவது சொன்னால் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்! இப்படிச் சேர்ந்த பிழைகளைச் சரிசெய்ய மூன்று மாசம் போதும் என்று நினைத்தார்கள். ஒரு வருஷம் பிடித்தது. என்னைக் கேட்டால், தப்பு அந்தப் புரோகிராமர் மேல் இல்லை. தேதியை மட்டும் பார்த்துவிட்டு, வேலையைத் திறந்து பார்க்காத மேலாளர்களைத்தான் சொல்ல வேண்டும்.

1989 ஜூனில் மைக்ரோசாஃப்ட்டுக்குள் ஒரு சுற்றறிக்கை போனது. பிழையைச் சேர்த்து வைக்காதே, அன்றன்றைக்கே திருத்து. அதன் பிறகு மைல்கல்லுக்கு அர்த்தமே மாறியது. மொத்த வேலையையும் மூன்று நான்கு பாகமாகப் பிரித்தார்கள். மிக முக்கியமான அம்சங்கள் முதல் பாகத்தில். அதை எழுதி, சோதித்து, பிழை நீக்கிய பிறகுதான் அடுத்த பாகத்தில் கை வைக்கலாம். எதிர்பாராத தொல்லைகளுக்கென்று ஒவ்வொரு பாகத்திலும் கொஞ்சம் நாள் ஒதுக்கிவைத்தார்கள். காய்ச்சலும் மெஷின் பழுதும் இப்போது கணக்குக்குள் வந்துவிட்டன, பாருங்கள்.

இந்த முறையில் முதலில் செய்யப்பட்டவற்றுள் ஒன்று எக்ஸெல் 3.0. 1990இல் முடித்தார்கள். சொன்ன தேதிக்குப் பதினோரு நாள் தாமதம்.