ஸ்லைடை அப்படியே வாசிச்சா பாடம் ஏறுமா? கல்லூரி பிபிடி வகுப்புகள் சொதப்புவது எங்கே?

லைட்டை அணைத்து புரொஜக்டரை ஆன் செய்தால் போதும், கடைசி பெஞ்சில் கொட்டாவி தொடங்கிவிடும். திரையில் பத்து வரி ஆங்கிலம். பேராசிரியர் அதை வரி மாறாமல் வாசிக்கிறார். "இதை நாங்களே படிச்சுக்குவோமே" என்று மாணவர்கள் முணுமுணுக்கிறார்கள். அந்த முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது.

கண்ணுக்கு ஒரு பாதை, காதுக்கு ஒரு பாதை

அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழக சாண்டா பார்பரா வளாகத்தின் உளவியல் பேராசிரியர் ரிச்சர்ட் மேயர், படமும் சொல்லும் சேர்ந்து மனதில் எப்படிப் பதிகின்றன என்று பல ஆண்டுகளாக ஆராய்ந்தவர். அவரது 'மல்டிமீடியா லேர்னிங்' நூல் 2001-ல் வெளியானது. அவர் சொல்வது இதுதான்: பார்ப்பதற்கு ஒரு பாதை, கேட்பதற்கு ஒரு பாதை. இரண்டுமே குறுகலானவை.

இதயத்தில் ரத்தம் ஓடும் அனிமேஷனை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் வாயால் விளக்கும்போது கண் படத்தைப் பின்தொடரும். அவர் பேசுவதையே கீழே பத்தி பத்தியாகவும் போட்டால்? படத்தைப் பார்ப்பதா, எழுத்தைப் படிப்பதா என்று கண் அல்லாடும். இரண்டும் போய்விடும். பாகங்களின் பெயரை அந்தந்த பாகத்துக்குப் பக்கத்திலேயே எழுதிவிட்டால் போதும். பறந்து வரும் எழுத்து, சம்பந்தமில்லாத ஜிஃப் எல்லாம் பாடத்துக்கு இடைஞ்சல்தான்.

அப்போ எழுத்தே வேண்டாமா?

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். பாடம் நடக்கும் மொழி மாணவரின் தாய்மொழி இல்லையென்றாலோ, கலைச்சொற்கள் புதிது என்றாலோ, திரையில் எழுத்து இருப்பது உதவும் என்பதை மேயரும் ஒப்புக்கொள்கிறார். தமிழ் மீடியத்தில் பிளஸ் 2 முடித்துவிட்டு, முதல் முறையாக ஆங்கிலத்தில் இன்ஜினியரிங் பாடம் கேட்கும் மாணவிக்கு 'என்ட்ரோபி' என்ற சொல் காதில் மட்டும் விழுந்தால் பத்தாது. அந்தச் சொல் கண்ணுக்கும் தெரிய வேண்டும், பக்கத்தில் தமிழில் ஒரு வரி இருந்தால் இன்னும் நல்லது. ஆனால் முழுப் பத்தி தேவையில்லை.

வீடியோ எவ்வளவு நேரம்?

எட்எக்ஸ் தளத்தின் 4 படிப்புகளில் சுமார் 69 லட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட தரவை அலசிய ஆய்வு 2014-ல் வெளியானது. வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும், பெரும்பாலானவர்கள் ஊன்றிப் பார்ப்பது 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. ஒரு மணி நேர வகுப்பை அப்படியே ஷூட் செய்து யூடியூபில் ஏற்றும் கல்லூரிகள் இதைக் கவனிக்கலாம். மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் வீடியோவோடு படிக்கும் பாடம், சுயமதிப்பீடு, விவாதப் பகுதி என மொத்தம் 4 அங்கங்கள் உண்டு. வீடியோ மட்டுமே பாடம் ஆகிவிடாது என்பதுதான் அதன் அடிப்படை.

"நல்லா புரிஞ்சுது சார்"

இதை நம்பலாமா? ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. இயற்பியல் மாணவர்களில் ஒரு பிரிவுக்கு அருமையான லெக்சர். இன்னொரு பிரிவுக்கு அதே பாடம், ஆனால் கணக்குகளை மாணவர்களே குழுவாகப் போட்டுப் பார்க்க வேண்டும், ஆசிரியர் பிறகு விளக்குவார். லெக்சர் கேட்டவர்கள்தான் "நிறைய கத்துக்கிட்டோம்" என்றார்கள். தேர்வில் அதிக மதிப்பெண் எடுத்தது மற்ற பிரிவு!

மூளை சிரமப்படும்போது, ஒன்றும் புரியவில்லையோ என்று தோன்றும். சரளமான பேச்சு, எல்லாம் புரிந்த மாதிரி காட்டும். மாணவர்களின் ஃபீட்பேக் படிவத்தை மட்டும் வைத்து ஆசிரியரை எடைபோட்டால், யோசிக்க வைக்கிறவருக்கே மதிப்பெண் குறையும் ஆபத்து இருக்கிறது. அதனால் செமஸ்டர் தொடக்கத்திலேயே, 'இந்த வகுப்பு கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும், ஏன்னா...' என்று மாணவர்களிடம் காரணத்தோடு சொல்லிவிடுவது அந்த ஆய்வாளர்கள் தரும் யோசனை.