பாலை மாற்றிய மலை, மாட்டை மாற்றிய மலை

நேபாளத்து லாங்டாங் பள்ளத்தாக்கிலும் கேரளத்து மூணாறை அடுத்த மாட்டுப்பட்டியிலும், ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளியில், சுவிட்சர்லாந்தின் மலை அனுபவம் பால் மாடு வளர்ப்புக்குத் துணையாக வந்தது. வந்த இடம் ஒன்று. பிடித்த வழி வேறு. லாங்டாங்கில் பாலை மாற்றினார்கள். மாட்டுப்பட்டியில் மாட்டை மாற்றினார்கள்.

1950-களின் தொடக்கத்தில் ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வழியாக நேபாளம் வந்தவர் வெர்னர் ஷுல்தெஸ் என்ற சுவிஸ் பால் வல்லுநர். லாங்டாங்கில் அன்று சாலை கிடையாது. காத்மாண்டுக்குப் பல நாள் நடை. கோடையில் மேய்ச்சல் செழித்துப் பால் பெருகும்போது வாங்க ஆள் இருக்காது. மேய்ப்பர்கள் அதைக் கடைந்து நெய்யும், சுர்பி என்னும் கல்லாய் இறுகும் பால்கட்டியும் ஆக்கிவந்தார்கள். பாலைக் கெடாத பண்டமாக்கும் அந்தப் பழக்கத்தின் மேல்தான் ஷுல்தெஸ் பாலாடைக்கட்டி ஆலையைக் கட்டினார். சுமார் பத்து லிட்டர் பால் ஒரு கிலோ கட்டியாகும், மாதக்கணக்கில் இருக்கும், சுமைகூலிக்காரர் முதுகில் ஏறி நகரத்துக்குப் போகும். மேய்ப்பரின் மந்தையில் யாரும் கைவைக்கவில்லை.

கைவைக்கத் தேவையும் இருக்கவில்லை என்பது என் எண்ணம். யாக் மாட்டையும் மலைப்பசுவையும் இணைத்துச் சௌரி என்னும் கலப்புக் கறவையை மேய்ப்பர்கள் முன்பே வளர்த்துவந்தார்கள். கலப்பில் பிறக்கும் ஆண் மலடு. ஆகவே ஒவ்வொரு தலைமுறைக்கும் யாக்கும் வேண்டும், பசுவும் வேண்டும். கலப்பினம் பெருகினாலும் தாய் இனங்கள் அழியாமல் இருக்க இயற்கையே காவல் வைத்த ஏற்பாடு அது.

கேரளத்தில் அந்தக் காவல் இல்லை. 1963-இல் தொடங்கிய இந்திய-சுவிஸ் திட்டம், பிரவுன் சுவிஸ் காளைகளை நாட்டுப் பசுக்களோடு கலந்தது. அந்தக் கலப்பின் வழியில் உருவானது சுனந்தினி. மாட்டுப்பட்டியில் உறைவிந்து தயாரித்து, சினை ஊசி மூலம் அதை மாநிலம் முழுவதும் கொண்டுசென்றார்கள். சாலை இருந்தது, தேநீர்க்கடை இருந்தது, பச்சைப்பாலுக்குத் தினமும் கிராக்கி இருந்தது. 1980-இல் மில்மா கூட்டுறவும் வந்தது. நாட்டுமாட்டில் கறந்ததைவிடப் பல மடங்கு கறந்த குடும்பங்களுக்குக் கையில் காசு வந்தது. இதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் உரிமமற்ற நாட்டுக் காளைகளைக் காயடிக்கச் சொன்ன சட்டமும் கூடவே நடைமுறையில் இருந்தது. வைக்கம் பக்கத்து வெச்சூர்ப் பசு, ஒரு மீட்டர் உயரம்கூட எட்டாத, கொஞ்சத் தீவனத்தில் வாழும் சிறு மாடு, அழியும் விளிம்புக்குப் போனது. 1980-களின் இறுதியில் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிப் பேராசிரியர் சோசம்மா ஐப்பும் அவருடைய மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி அதை மீட்க வேண்டியிருந்தது. கலப்பு தவறில்லை, கலப்பதற்கான மூலத்தையே தொலைக்கத் துணிந்தது தவறு.

ஒன்றிரண்டு மாடு வைத்திருக்கும் மலைக் குடும்பத்தின் கணக்கு இன்னும் நெருக்கமானது. மூணாற்றுத் தோட்ட லயத்தில் மாடு கட்டும் தமிழ்த் தொழிலாளிக்குச் சொந்தமாகப் புல் நிலம் இல்லை. கலப்பினப் பசு அதிகம் கறக்கும். கூடவே பிண்ணாக்கும் தவிடும் கேட்கும், மடிநோய் வந்தால் அன்றைக்கே மருத்துவரைக் கேட்கும். சுமை ஏற்றிவரும் தீவனம் மலையேறும்போதே விலையும் ஏறிவிடும். சௌரியோ மேய்ச்சலில் வயிறு நிரப்பிக்கொண்டு குறைவாகத்தான் கறக்கும். இழப்பு வந்தால் தாங்க முடியாத வீட்டுக்கு எது பொருத்தம் என்பதை லிட்டரை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

லாங்டாங்கின் வழியும் சுத்தமானது அல்ல. பால் காய்ச்ச விறகு வேண்டும். மெல்ல வளரும் உயர்மலைக் காடு அதற்கு விலை கொடுத்தது. ஆலை சில மாதங்களே ஓடும், வாங்குவோர் பெரும்பாலும் நகரத்தவரும் மலையேற வருவோரும். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்தில் பனியும் பாறையும் சரிந்து லாங்டாங் ஊரையே மூடியபோது, மனிதரோடு மந்தைகளும் போயின.

ஆகவே இனி ஒரு மலையூரில் பால் திட்டம் தொடங்குவோர் முதலில் விசாரிக்க வேண்டியது, மாலையில் கறந்த பால் மறுநாள் எங்கே போகும் என்பதை. சாலையும் குளிர்கலனும் மருத்துவரும் எட்டும் தூரத்தில் இருந்தால் சினை ஊசிக்கு முன்பு தீவனப்புல்லுக்கு நிலம் ஒதுக்கட்டும், நாட்டுக் காளைகளில் சிலவற்றையாவது பேணட்டும். அவை எட்டாத ஊரில் இருக்கிற மாட்டை அப்படியே விட்டுவிட்டு, விறகு தின்னாத அடுப்புக்கும் கட்டி முதிர வைக்கும் அறைக்கும் பணத்தைச் செலவிடட்டும்.