ஊர்ப்பாசமும் கல்லூரிப்பாசமும்

சங்க காலத்தில் தகடூர் என்று பெயர் பெற்றிருந்த தருமபுரி, பிற்காலத்தில் பாராமகால் என்னும் சீமையின் ஓர் அங்கமாக விளங்கியது. ஹைதர் அலி, திப்பு சுல்தான் ஆகியோரின் ஆளுகைக்கு உட்பட்டிருந்த அச்சீமை, 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டின உடன்படிக்கையின்படி ஆங்கிலக் கம்பெனியின் கைக்கு மாறிற்று. பின்னாளில் சென்னை மாகாணத்தின் கவர்னராக உயர்ந்த தாமஸ் மன்றோ, நிலவரி நிர்வாகத்தைக் கற்றுக்கொண்டது இங்கேதான். 1965 அக்டோபர் 2ஆம் நாள் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. 2004இல் அதிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்து சென்றது.

2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் தமிழகத்தின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு. தருமபுரி மாவட்டத்தின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு. மாநிலத்தின் கடைசி இடம் அது. இம்மாவட்டத்தில் தமிழும் உருதும் பேசி வாழும் முஸ்லிம் குடும்பங்களையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கு.

கீழக்கரை, காயல்பட்டினம், நாகூர், அதிராம்பட்டினம் போன்ற ஊர்களின் கல்வி வரலாற்றைப் புரட்டினால், எந்தப் பக்கத்திலும் ஒரு கப்பல் தென்படும். இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சென்ற சபுராளிகள் ஈட்டிய பொருளில் ஒரு பங்கு ஊர் திரும்பிற்று; அது பள்ளிவாசலாகவும் மதரசாவாகவும் பிறகு பள்ளிக்கூடமாகவும் நின்றது. கடலில்லாத தருமபுரிக்கு அவ்வழி அடைபட்டது என்று சொல்லிவிடலாம். ஆனால் அது முழு உண்மையாகாது. மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் இருக்கும் கடையநல்லூருக்கும் கடலில்லை. அவ்வூர் நெசவாளர்கள் சிங்கப்பூருக்குச் சென்று தஞ்சோங் பகார் வட்டாரத்தில் குடியேறினார்கள். 1941இல் சிங்கப்பூர்க் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்னும் சங்கத்தை அமைத்தார்கள். அடுத்த ஆண்டே ஜப்பானியர் படையெடுப்பு. மூன்றரை ஆண்டுகள் பட்டினியும் அச்சமும். போர் முடிந்த மறு ஆண்டு, 1946இல், அதே மக்கள் ஒரு பள்ளிக்கூடம் திறந்தார்கள். சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவரின் பெயரை அதற்குச் சூட்டினார்கள்.

உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1960இல் உயர்நிலைப் பள்ளியாக உயர்ந்தது. சிங்கப்பூரில் தமிழையே போதனா மொழியாகக் கொண்ட ஒரே உயர்நிலைப் பள்ளி என்னும் பெருமை அதற்கு உண்டு. பெற்றோர் ஆங்கிலப் பள்ளிகளை நாடியதால் மாணவர் தொகை தேய்ந்து, 1982இல் அது மூடப்பட்டது. அடுத்த ஆண்டு அரசாங்கத்தின் தமிழ்மொழி நிலையம் அதே பெயரைத் தாங்கித் தொடங்கிற்று. போரில் நொந்திருந்த சாமானிய மக்கள் வைத்த பெயர் இன்றும் அங்கே வாழ்கிறது. அவர்களைச் சேர்த்தது கடலன்று, முன்னே சென்றவர் பின்னே வருபவருக்கு இடம் காட்டிய ஊர்ச் சங்கிலி. தருமபுரிக்கு அமையாமற்போனது அந்தச் சங்கிலியே.

பிறந்த ஊரால் அன்றிப் படித்த இடத்தால் மனிதர்களைப் பிணைக்கும் முறை, நம் நாட்டு முஸ்லிம்களிடையே அலிகரிலிருந்து புறப்பட்டது. சர் சையத் அகமது கான் 1875இல் பள்ளியாகத் தொடங்கி, இரண்டாண்டுகளில் கல்லூரிக்கு அடிக்கல் நாட்டச் செய்த அந்நிறுவனம், பணமில்லாமல் தவித்த காலங்கள் பல. லாட்டரிச் சீட்டு நடத்தினார், கண்டனம் எழுந்தது. முதிய வயதில் மேடையேறிக் கவிதை வாசித்துக் காசு திரட்டினார். அதற்கும் முகம் சுளித்தவர் உண்டு. 1890இல் சாகிப்சாதா அஃப்தாப் அகமது கானும் தோழர்களும் ‘அஞ்சுமன் அல் பர்ழ்’ என்னும் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். ஏழை மாணவர்களுக்குப் பொருள் சேர்ப்பது அதன் நோக்கம். விடுமுறை நாள்களில் மாணவர்களே ஊர் ஊராகச் சென்று நன்கொடை கேட்டார்கள். ‘பர்ழ்’ என்றால் கட்டாயக் கடமை என்பது நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். தருமம் என்றோ உதவி என்றோ அவர்கள் பெயரிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அந்த வடநாட்டுக் கல்வி உணர்வைத் தென்னாட்டுடன் இணைத்தவர்களுள் முன்வரிசையில் நிற்பவர் சென்னைத் தோல் வணிகர் ஜமால் முகமது சாகிப். 1925இல் சையத் சுலைமான் நத்வி, 1927இல் மர்மடியூக் பிக்தால், 1929இல் அல்லாமா இக்பால் எனப் பேரறிஞர்கள் சென்னைக்கு வந்து சொற்பொழிவாற்றியதில் அவருடைய பங்கு பெரிது. இக்பால் சென்னையில் நிகழ்த்திய உரைகளே பின்னர் அலிகரிலும் ஒலித்தன. அப்பெருமகனின் பெயரால் 1951இல் திருச்சிராப்பள்ளியில் எழுந்ததுதான் ஜமால் முகமது கல்லூரி. என். எம். காஜாமியான் ராவுத்தரின் உழைப்பும் கொடையும் அதன் அடித்தளத்தில் கலந்திருக்கின்றன.

நாட்டின் நடுவே திருச்சி அமைந்திருப்பதால், கரையோர ஊர்ப் பிள்ளைகளும் உள்நாட்டு ஊர்ப் பிள்ளைகளும் அங்கே ஒரே விடுதிச் சோற்றை உண்டார்கள். 1973இல் எண்ணெய் விலை ஏறி வளைகுடா நாடுகள் ஆள் தேடத் தொடங்கியபோது பட்டம் பெற்ற பலர் அங்கே போனார்கள், சிங்கப்பூருக்கும் போனார்கள். சிங்கப்பூரிலும் வளைகுடாவிலும் அக்கல்லூரியின் முன்னாள் மாணவர் சங்கக் கிளைகள் உருவாயின. ஊர்ச் சங்கத்தில் அயலூரான் உறுப்பினனாக முடியாது. கல்லூரிச் சங்கத்தில் தருமபுரியானுக்கும் அதிராம்பட்டினத்தானுக்கும் ஒரே நாற்காலிதான். ஊர்ச் சங்கமே அமையாத மாவட்டத்துக்காரன் தன் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கூரையைப் பற்றிக் கடல் கடந்து பேச ஓர் அவை கிடைக்குமானால், அது இத்தகைய அவையாகத்தான் இருக்கும். ஆயினும் முன்னாள் மாணவர் திரட்டும் பொருள் பெரும்பாலும் தாம் படித்த கல்லூரிக்கே திரும்பிப் போவது எங்கும் வழக்கம். கல்லூரி வாசலை எட்டுவதற்கு முன்பே எட்டாம் வகுப்பிலோ பத்தாம் வகுப்பிலோ நின்றுவிடும் பிள்ளையை அது தொடுவதில்லை. இதைக் குறையாகச் சொல்வது நன்றிகெட்ட பேச்சு என்பார் சிலர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

இதில் சட்டமும் குறுக்கிடுகிறது. அயல்நாட்டு நன்கொடையைக் கட்டுப்படுத்தும் சட்டம் முதலில் 1976இல் வந்தது. 2010இல் புதிய சட்டம் அதன் இடத்தைப் பிடித்தது. இந்தியக் குடிமகன் எந்த நாட்டில் உழைத்தாலும், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியே அனுப்பும் தொகை அயல்நாட்டு நன்கொடை ஆகாது. அவனே சிங்கப்பூர்க் குடிமகனாகிவிட்டால் அது அயல்நாட்டுப் பணம். வெளிநாட்டில் அமைக்கப்பட்ட சங்கத்தின் உறுப்பினர் அனைவரும் இந்தியர்களே ஆனாலும், அச்சங்கத்தின் பெயரில் வரும் தொகையும் அவ்வாறே. 2020ஆம் ஆண்டுத் திருத்தம், இப்பணத்தைப் பெற்ற நிறுவனம் அதை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றித் தருவதை அறவே தடுத்துவிட்டது. ஆகவே திருச்சிக் கல்லூரி பெற்ற அயல்நாட்டுத் தொகையில் ஒரு பங்கைத் தருமபுரிப் பள்ளிக்கூடம் ஒன்றுக்குப் பிரித்துக் கொடுக்க வழியில்லை. அப்பள்ளியை நடத்தும் சங்கமே தன் பெயரில் பதிவோ முன் அனுமதியோ பெற வேண்டும். பதிவுக்கு மூன்றாண்டு இயக்கமும், அந்த மூன்றாண்டுகளில் 15 லட்சம் ரூபாய் பணிச் செலவும் காட்ட வேண்டும் என்பது அதே ஆண்டில் வந்த விதி. அவ்வளவு செலவு காட்ட இயலாத சிற்றூர்ப் பள்ளிக்கு, இந்தியக் கடவுச்சீட்டோடு அயலகத்தில் இருக்கும் பழைய மாணவர் ஒவ்வொருவரும் தம் தம் கணக்கிலிருந்து தனித்தனியே அனுப்புவது ஒரு நேர்வழி. சங்கம் அங்கே பட்டியல் வைத்திருக்கலாம். உண்டியல் வைத்திருக்க முடியாது.