காலையில் இடுப்பு வலி: "ஒரு வாரம் படு" என்ற அறிவுரை எங்கிருந்து வந்தது?

1/
ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் பக்கம் எந்த அரசு மருத்துவமனை ஓபியில உட்கார்ந்தாலும் ரெண்டு பேச்சு காதில் விழும். "தூங்கி எந்திரிச்சதும் இடுப்பு பிடிச்சுக்குது சார், படுக்கை சரியில்லையா?" அடுத்தது, "ஒரு வாரம் ரெஸ்ட் எழுதிக் குடுங்க சார்." கேட்கிறவங்க பெரும்பாலும் 20-லிருந்து 35 வயசுக்காரங்க. இந்த ரெண்டுக்கும் பின்னாடி ஒரு வரலாறு இருக்கு. நீளமான த்ரெட்தான், பொறுமையா படிங்க.

2/
முதல்ல 'ரெஸ்ட்'. 1863-ல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் ஹில்டன், ஓய்வுதான் வலிக்கு மருந்து என்று ஒரு புத்தகமே போட்டார். அன்னைக்கு எலும்பு டிபிக்கு மாத்திரை கிடையாது, சீழ் பிடிச்ச மூட்டுக்கு ஆன்டிபயாடிக் கிடையாது. அசையாமல் படுக்க வைப்பதுதான் கையில் இருந்த ஒரே வைத்தியம். அந்தக் காலத்துக்கு அது நியாயம்.

3/
1934-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள், முதுகெலும்பு டிஸ்க் பிதுங்கி நரம்பை அழுத்தினால் கால் வரை வலி இழுக்கும் என்று காட்டினார்கள். பெரிய கண்டுபிடிப்பு, சந்தேகமே இல்லை. ஆனா அதுக்கப்புறம் சாதாரண இடுப்பு வலிக்கும் பழி டிஸ்க் மேலயே விழுந்தது. வாரக்கணக்கில் படுக்கை, காலில் வெயிட் கட்டித் தொங்கவிடுறது எல்லாம் வழக்கமாச்சு. நம்ம ஊர்ல "டிஸ்க் நகந்துடுச்சாம்"னு பயந்து படுக்கிறதும் அந்த வழியில வந்ததுதான்.

4/
எதிர்ப்புக் குரலும் இருந்தது. படுக்கையில் கிடப்பதே ஆபத்து என்று 1947-லேயே லண்டன் மருத்துவர் ரிச்சர்ட் ஆஷர் எழுதினார். முதுகு வலி விஷயத்தில் அதை யாரும் பெரிசா எடுத்துக்கலை. 1986-ல் அமெரிக்காவில் ரிச்சர்ட் டேயோ குழு 203 நோயாளிகளை ரெண்டா பிரிச்சது. ஒரு பிரிவுக்கு 2 நாள் படுக்கை, இன்னொரு பிரிவுக்கு 7 நாள். குணமாவதில் வித்தியாசமே இல்லை. 2 நாள் பிரிவினர் வேலைக்குப் போகாத நாட்கள் மட்டும் 45 சதவீதம் குறைவு.

5/
1995-ல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்கள் 186 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் ஒரு படி மேல. படுத்தவங்களை விட, தனியா உடற்பயிற்சி செஞ்சவங்களை விட, வலி பொறுக்கிற அளவுக்கு வழக்கமான வேலையைத் தொடர்ந்தவங்கதான் சீக்கிரம் தேறினாங்க.

6/
இது நம்ம ஊருக்கு ஏன் முக்கியம்? ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளிக்கு ஒரு வாரம் லீவுன்னா சம்பளம் போகும், அட்டெண்டன்ஸ் போனஸ் போகும், சில நேரம் வேலையே போகும். ஈஎஸ்ஐ இருந்தாலும் நோய்க்காலத்தில் கிடைப்பது சராசரி ஊதியத்தில் 70 சதவீதம்தான், பொதுவா முதல் 2 நாளுக்கு அதுவும் இல்லை. பலன் தராத ஓய்வுக்கு இவ்வளவு விலை.

அதுக்காக "வலியோட 25 கிலோ தூக்கு"ன்னு அர்த்தம் இல்லை! படுக்கையும் வேண்டாம், பழைய பாரமும் வேண்டாம். சில நாள் லேசான வேலை போதும். சூப்பர்வைசர்கள் இதைக் கவனிக்கணும்.

7/
சரி, வலி ஏன் குறிப்பா காலையில? டிஸ்க் ஒரு ஸ்பாஞ்ச் மாதிரி. பகல் முழுக்க உடம்பு பாரத்தில் தண்ணி பிழியப்படும். ராத்திரி படுத்ததும் திரும்ப உறிஞ்சி உப்பும். அதனாலதான் நாம எல்லாரும் காலையில 1 முதல் 2 செ.மீ. உயரமா இருக்கோம். உப்பின டிஸ்க்கை முன்னாடி வளைச்சா அதில் விழும் அழுத்தம் சாயங்காலத்தை விடப் பல மடங்கு. எழுந்த முதல் ஒரு மணி நேரத்தில் சுமார் பாதி உப்பல் தானே வடிஞ்சிடும்.

8/
இதை வச்சு 1998-ல் அமெரிக்க ஆய்வாளர் ஸ்டோவர் ஸ்னூக் ஒரு எளிய சோதனை செஞ்சார். நாள்பட்ட வலி உள்ளவங்களை, எழுந்த முதல் 2 மணி நேரம் இடுப்பை முன்னால் வளைக்காமல் இருக்கச் சொன்னார். வலி நாட்கள் குறைஞ்சது. மருந்து இல்லை, செலவு இல்லை.

இப்ப நம்ம காலையைப் பாருங்க. பர்ஸ்ட் ஷிப்டுக்கு விடியுறதுக்கு முன்னாடியே கம்பெனி பஸ். எழுந்த வேகத்தில் குனிஞ்சு பக்கெட் தூக்கு, துணி அலசு, குடம் நிரப்பு. டிஸ்க் மிக உப்பி இருக்கும் நேரமும் நாம மிக அதிகமா குனியும் நேரமும் ஒண்ணுதான்.

9/
படுக்கைக்கு வருவோம். "கட்டாந்தரைதான் முதுகுக்கு நல்லது" என்பது பழைய நம்பிக்கை. டாக்டர்களும் "கெட்டி மெத்தை வாங்கு"ன்னுதான் சொல்லிட்டு இருந்தோம். 2003-ல் ஸ்பெயினில் 313 பேரிடம் ஒப்பிட்டுப் பார்த்தாங்க. கெட்டி மெத்தையை விட நடுத்தர மெத்தையில் படுத்தவங்களுக்குத்தான் வலி அதிகமா குறைஞ்சது.

10/
ஆனா மெத்தையைத் தேர்வு பண்ற வசதி யாருக்கு இருக்கு? 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது, 2006-ல் நோக்கியா வந்தது, 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். தொழிற்சாலைகள் வேகமா வந்தன. வேலை செய்றவங்க எங்க தூங்குவாங்க என்ற கேள்வி ரொம்ப மெதுவா வந்தது.

2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள் விடுதிச் சாப்பாட்டால் பாதிக்கப்பட்டு சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்த பிறகுதான், நெரிசலான அறைகளில் தரையில் படுப்பதும் நாட்டுக்கே செய்தியாச்சு. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு திறக்கப்பட்டது. நல்ல தொடக்கம். தனியார் ரூம்களில் பாயைப் பகிர்ந்து தூங்கும் மத்தவங்க கதை இன்னும் பாக்கி.

11/
முக்கியமான விதிவிலக்கு. 40 வயசுக்குள் ஆரம்பிச்சு, 3 மாதத்துக்கு மேல் நீடிச்சு, காலையில் அரை மணி நேரத்துக்கு மேல் இறுக்கமா இருந்து, நடந்தா குறைஞ்சு, படுத்தா கூடி, ராத்திரி பின்பாதியில் தூக்கத்தைக் கலைக்கிற வலியா? அது அன்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்ற அழற்சி நோயாக இருக்கலாம். இதோடு தொடர்புள்ள ஹெச்எல்ஏ-பி27 மரபணுக் குறி 1973-லேயே கண்டுபிடிக்கப்பட்டது. ஆனாலும் "வேலைப்பளு வலி"ன்னு சொல்லியே வருஷங்கள் ஓடிடுது. விட்டா முதுகெலும்பு மூங்கில் மாதிரி ஒட்டிக்கும். இவங்களுக்கு ஓய்வுதான் எதிரி. சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இதுக்கு மூட்டுவாதத் துறை இருக்கு.

12/
சுருக்கமா:
– கண் விழிச்சதும் குனியாதீங்க. ஒருக்களிச்சு, கையை ஊன்றி எழுங்க. கொஞ்சம் நடங்க.
– பக்கெட், குடத்தை முந்தின ராத்திரியே நிரப்பி உயரமா வைங்க.
– தரையில் படுத்தா பாய் மேல ஜமுக்காளமோ கெட்டிப் போர்வையோ மடிச்சுப் போடுங்க. ஒருக்களிச்சா முழங்கால் நடுவே தலகாணி.
– கால் மரத்துப் பலம் குறைஞ்சாலோ, மூத்திரம், மலம் கட்டுப்பாடு போனாலோ, காய்ச்சல், எடைக்குறைவு சேர்ந்தாலோ அன்னைக்கே மருத்துவமனை.

ஒரு வார ரெஸ்ட் சீட்டு கேட்டு வர்றவங்களுக்கு நிஜமா தேவைப்படுறது ஒரு படுக்கை, 7 மணி நேரத் தூக்கம், சில நாள் லேசான வேலை. இதுல எதையும் டாக்டர் சீட்டில் எழுதி மட்டும் வாங்கித் தர முடியாது. ரூம் மேட்டுக்கும் ஹெச்ஆருக்கும் அனுப்பி வைங்க.