சம்மனசு உடை வந்த வழி

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் நம் மலையூர்த் தையற்கடைகளில் வெள்ளை நெட் துணி குவியத் தொடங்கிவிடும். கிறிஸ்து பிறப்பு விழா இரவில் சிறுமியர் சம்மனசுகளாக வேடம் புனைந்து ஆடுவது, பண்ணைக்காடு போன்ற சிற்றூர்களிலும் விழாவின் ஓர் அங்கமாகிவிட்டது. பாவாடை விறைப்பாக விரிந்து நிற்பதற்காக உள்ளே வைத்துத் தைக்கும் முரட்டு வலைத்துணிக்குத் தையற்காரர்கள் சொல்லும் பெயர் 'கேன்கேன்'. அது பாரிசு நகரத்துக் கேளிக்கை நடனம் ஒன்றின் பெயர் என்று அறிந்தால் சம்மனசுகளின் தாய்மார் சற்றுத் திகைக்கக்கூடும். திகைக்க வேண்டியதில்லை. அந்த வெள்ளைப் பாவாடைக்கும் முதுகில் கட்டும் சிறகுக்குமே பாரிசு அரங்கில் ஒரு மூதாதை உண்டு.

1832ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள், பாரிசு ஓப்பரா அரங்கில் 'லா சில்ஃபீடு' என்னும் பாலே நடனம் அரங்கேறியது. காற்றில் வாழும் தேவதையாக ஆடியவர் மரி தாலியோனி. மணியைக் கவிழ்த்தாற்போன்ற வெண்ணிற மெல்லிய பாவாடை, தோள்களுக்குப் பின்னே இரு சிறு சிறகுகள், தரையைத் தொட்டும் தொடாமலும் கால்விரல் நுனியில் நடை. எரிவாயு விளக்கின் மங்கலான ஒளியில் அவர் மிதந்து வருவதாகவே மக்கள் கண்டனர். பின்னாளில் அப்பாவாடை முழங்காலுக்கு மேல் ஏறி, இடுப்பைச் சுற்றித் தட்டுப்போல் விரிந்து, 'டூட்டூ' என்ற பெயரால் உலகெங்கும் அறியப்பட்டது.

நடனம் ஆடி முடிந்ததும் மறைந்துவிடும் கலை. சிற்பம் நிற்கும், ஓலையில் எழுதிய பாட்டு நிற்கும். அன்றைய நடனமோ கண்டவர் நெஞ்சில் மட்டும் நிற்கும். ஆகவேதான் பாலே இரசிகர்களின் ஏக்கம் அத்தனை ஆழமானது. தாலியோனியைக் கண்டவர்கள் பின்வந்தவர்களை ஏற்க மறுத்தனர். பாவ்லோவாவைக் கண்டவர்கள் அவருக்குப் பின் எவருமில்லை என்றனர். தாலியோனி உருசியாவை விட்டுப் புறப்பட்டபோது இரசிகர் சிலர் அவருடைய நடனக் காலணிகளை விலைகொடுத்து வாங்கி, சமைத்து, குழம்போடு உண்டனர் என்றொரு கதைகூட வழங்குகிறது. உண்மையோ பொய்யோ, அந்தப் பித்தின் அளவை அது காட்டுகிறது.

ஆனால் ஏக்கத்தோடு திரும்பிப் பார்க்கும் கண் பெரும்பாலும் உடையைத்தான் பார்க்கிறது, உடுத்தவரைப் பார்ப்பதில்லை. எம்மா லிவ்ரி என்ற இளம்பெண் தாலியோனியின் மாணவி. நெருப்புப் பற்றாதபடி துணியைப் பதப்படுத்தும் முறை அக்காலத்திலேயே இருந்தது. பதப்படுத்திய பாவாடை மங்கி விறைத்துப்போகும் என்பதால் அவர் அதை ஏற்கவில்லை. 1862 நவம்பரில் ஒத்திகையின்போது மேடை விளக்கின் தீ அவர் பாவாடையைப் பற்றியது. எட்டு மாதங்கள் வேதனையுற்று 1863 ஜூலையில் இறந்தார். வயது இருபது. எரிந்து எஞ்சிய அவரது உடையின் கந்தல்கள் பாரிசு ஓப்பராவின் அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. அவருடைய பிடிவாதத்தைக் குறைகூறுவோர் உண்டு. வெண்மை சற்றும் மங்கக்கூடாது என்று விரும்பிய அரங்கத்தைக் குறைகூறினோர் குறைவு.

இந்தப் பாரிசு அரங்குகளுக்குத் தமிழகத்திலிருந்தே ஐவர் சென்று ஆடியதுண்டு. கடலூரை அடுத்த திருவந்திபுரம் பெருமாள் கோயிலைச் சார்ந்த நடனப் பெண்கள் அவர்கள். தர்திவேல் என்ற வணிகர் பாண்டிச்சேரியில் ஒப்பந்தம் எழுதி, இசைக்கலைஞர் மூவருடன் அவர்களைக் கப்பலேற்றினார். 1838 ஆகஸ்டில் பாரிசில் வரியேத்தே அரங்கிலும், அக்டோபரில் இலண்டன் அடெல்ஃபி அரங்கிலும் ஆடினர். பிரான்சு மன்னர் லூயி பிலிப்பின் முன்னும் ஆடினர். குழுவின் தாரகை பதினெட்டு வயது அம்மணி. கவிஞர் தெயோஃபில் கோத்தியே அவருடைய உடையையும் அணிகளையும் அசைவுகளையும் நுணுக்கமாக வருணித்து நாளிதழில் எழுதினார். பார் என்ற சிற்பி அம்மணியின் ஆடல் நிலையை வெண்கலத்தில் வார்த்தார்.

எனினும் அந்நகரம் தன் கற்பனையில் முன்னரே ஒரு கோயில் நடனப்பெண்ணைப் படைத்து வைத்திருந்தது. 1830இலேயே தாலியோனி அத்தகைய வேடமிட்டு ஆடியிருந்தார். 'பயதேர்' என்று அப்பெண்ணுக்கு இட்ட பெயரும் நம்முடையதன்று. ஆடுபவள் எனப் பொருள்படும் போர்த்துக்கீசியச் சொல்லின் திரிபு. உண்மையான பெண்கள் வந்தனர், சில மாதங்கள் வியக்கப்பட்டனர், பின் மறக்கப்பட்டனர். கற்பனைப்பெண் நிலைத்துவிட்டாள். 1877இல் உருசியாவில் மரியூஸ் பெத்திபா அமைத்த 'லா பயதேர்' இன்றும் ஆடப்படுகிறது. இந்தியக் கோயில் நடனப்பெண்தான் அதன் கதைத்தலைவி. அதன் புகழ்பெற்ற காட்சியில் நங்கையர் வரிசையாகச் சரிவில் இறங்கி வருகின்றனர். அனைவரும் வெள்ளை டூட்டூவில்! திருவந்திபுரத்தின் சாயலை அங்கே தேடிக் காணமுடியாது.

அம்மணி கப்பலேறியதற்கு முந்தைய ஆண்டில், 1837இல், பிரெஞ்சு இயேசு சபைத் தந்தையர் நால்வர் அதே பாண்டிச்சேரியில் வந்திறங்கினர். புதிய மதுரை மிஷனின் தொடக்கம் அது. நம் மலையில் செண்பகனூர் திரு இருதயக் கல்லூரி 1895இல் எழுந்ததும் அந்த வரவின் தொடர்ச்சியே. அவர்களுடைய சபைக்கும் பாலேவுக்கும் இருந்த உறவு பலர் அறியாதது. பதினேழு, பதினெட்டாம் நூற்றாண்டுகளில் பாரிசின் லூயி லெ கிரான் முதலிய இயேசு சபைக் கல்லூரிகள் ஆண்டுவிழாக்களில் பாலே நடனங்களை அரங்கேற்றின. பாலேயின் வரலாற்றையும் இலக்கணத்தையும் விளக்கும் முன்னோடி நூல்களுள் ஒன்றை 1682இல் வெளியிட்டவர் மெனெஸ்த்ரியே என்னும் இயேசு சபைக் குருவே! கோயில் வளாகத்தில் நடனமா என்று இன்று முகஞ்சுளிப்போருக்கு இதை நான் சொல்வதுண்டு. அவர்களுக்குச் சாமுவேல் இரண்டாம் நூலையும் நினைவூட்டலாம். பேழைக்கு முன் ஆடிய தாவீதை மீக்கால் இகழ்ந்தாள். அவள் கண்ணை உறுத்தியதும் முதலில் உடைதான். அரச உடையை நீக்கி ஏபோத்து அணிந்து ஆடினாரே என்பதுதான்.

பாலே மீது கொண்ட காதல் ஒருமுறை தமிழகத்துக்கு நன்மையாகவும் திரும்பி வந்தது. 1928இல் அன்னா பாவ்லோவாவின் ஆடலைப் பம்பாயில் கண்டு மயங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், பின்னர் ஆஸ்திரேலியப் பயணத்தின்போது கப்பலில் அவருடன் பழகினார். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நார்டியிடம் பாலேயும் பயின்றார். உன் நாட்டின் நடனத்தைத் தேடு என்று பாவ்லோவா அவரைத் தூண்டினார். பாவ்லோவா 1931இல் இறந்தார். தம் அன்னப்பறவை உடையைக் கொண்டுவரச் சொன்னதே அவரது இறுதி வார்த்தை என்பார்கள். ருக்மிணி தேவி மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் சதிராட்டம் கற்று, 1935 டிசம்பரில் அடையாற்றில் ஆடினார். மறு ஆண்டு கலாக்ஷேத்ரா பிறந்தது. உடையும் மேடையும் புதுப்பிக்கப்பட்டன. நடனம் மதிப்புப் பெற்றது.

கௌரி அம்மாளின் குலத்துப் பெண்களுக்கு அம்மதிப்பில் பங்கு கிடைத்ததா? 1947ஆம் ஆண்டுச் சட்டம் கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடைசெய்தது. தேவையான சட்டம்தான், சிறுமியரைக் காக்கும் எச்சட்டத்தையும் நான் குறைசொல்லேன். ஆயினும் நடனத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் மேடைக்கு வெளியே நிறுத்தப்பட்டதையும் மறைக்கலாகாது. பரதத்தில் நற்செய்தியைச் சொல்லும் பணியைத் திருச்சியில் 1977இல் தொடங்கிய கலைக் காவிரி வழியாக நம் திருச்சபையும் ஏற்றது. அந்த அடவுகளும் அபிநயமும் நமக்கு வந்தது அப்பெண்களின் கால்வழியாகவே.

பழைய திருமுழுக்குப் பதிவேடுகளைப் புரட்டிப் பழகிய எவருக்கும், வெளிநாட்டுத் தந்தையர் உரோமை எழுத்தில் எழுதிய தமிழ்ப்பெயர்களை மீட்டெடுப்பது ஒரு பயிற்சி. பாரிசுப் பத்திரிகைகள் அச்சிட்ட பெயர்களையும் அப்படியே படிக்கலாம். அமனி என்பது அம்மணி. தில்லே என்பவர் தில்லையம்மாள். ராம்கூன் ரங்கமாகவும் சவுந்திரூன் சவுந்தரமாகவும் இருக்கலாம். ஐவரில் கடைசியாக வருவது 'வேய்தூன்'. வேதம் என்று கொள்ளத் தோன்றுகிறது. பாரிசு மேடையில் ஏறியபோது அவளுக்கு வயது ஆறு.