பூஜ்யம் எங்கே தொடங்குகிறது?

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் பழைய மாணவன் ஒருவன் போன் செய்தான். கோவையில் இருக்கிறான், மாமியார் வீடு ஊட்டியில். டர்போ வைத்த பெட்ரோல் கார் வாங்கியிருக்கிறானாம். அதில் பூஸ்ட் மீட்டர் ஒன்று மாட்ட ஆசை. மூன்று மீட்டர்களின் படம் அனுப்பி, "எதை வாங்கட்டும் சார்?" என்றான். ஒன்றில் பிஎஸ்ஐ, ஒன்றில் பார், மூன்றாவதில் கிலோபாஸ்கல். அந்த மூன்றாவதில் பூஜ்யத்துக்குக் கீழே எண்ணே கிடையாது.

ஒரே வரியில் பதில் சொல்லியிருப்பேன். ஆனால் இவனுக்கு நான் ஒரு கடன் பட்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் இவன் எழுந்து, "பஞ்சரான டயரில் மீட்டர் பூஜ்யம் காட்டுதே சார், அப்போ உள்ளே காற்றே இல்லையா?" என்று கேட்டான். பாடத்தை முடிக்கிற அவசரத்தில் "உட்காரு" என்று சொல்லிவிட்டேன். அந்தக் கேள்விக்கும் இந்த மீட்டருக்கும் விடை ஒன்றுதான்.

1643இல் இத்தாலியில் டாரிசெல்லியின் சோதனையில், கண்ணாடிக் குழாயில் பாதரசம் சுமார் 76 செ.மீ. உயரத்தில் நின்றது. 1648இல் பிரான்சில் பாஸ்கலின் மைத்துனர் பெரியே அப்படி ஒரு குழாயுடன் புய் த தோம் மலை ஏறினார். உச்சியில் பாதரசம் சுமார் 8 செ.மீ. இறங்கியிருந்தது. மலை ஏறினால் காற்றின் அழுத்தம் குறையும் என்பது அன்று நிரூபணமானது. ஊட்டி மருமகன் இதை நினைவில் வைத்துக்கொள்ளட்டும்.

பிறகு நீராவிக் காலம். ஜேம்ஸ் வாட்டின் காலத்தில் கண்டென்சரின் வெற்றிடத்தைப் பாதரசத்தால் அளந்தார்கள். பாய்லரின் அழுத்தத்தைச் சொன்னதோ பவுண்டில். இன்றும் அமெரிக்க பாணி பூஸ்ட் மீட்டரைப் பாருங்கள்: இடப்பக்கம் 30 என்றால் பாதரச அங்குலம், அதாவது ஒரு வளிமண்டலம். வலப்பக்கம் 30 என்றால் பிஎஸ்ஐ, அதாவது இரண்டு வளிமண்டலம். ஒரே முகத்தில் இரண்டு அளவுகோல்! தேர்வுத்தாளில் ஒரு பையன் இப்படி எழுதியிருந்தால் சுழித்துவிட்டிருப்பேன்.

பாய்லரில் அழுத்தம் ஏற ஏறப் பாதரசக் குழாய் கட்டுப்படியாகவில்லை. அது வீட்டுயரம் வளர வேண்டியிருந்தது. 1849இல் பாரீஸில் யூஜின் போர்டான் காப்புரிமை பெற்ற குழாய் இதை மாற்றியது. நசுங்கிப்போன சுருள் குழாய் ஒன்றைச் சரிசெய்ய உள்ளே அழுத்தம் கொடுத்தபோது அது சுருள் பிரிந்து நீண்டதாம். திருவிழாவில் பீப்பீ ஊதினால் சுருண்ட காகிதம் நீள்கிறதே, அதே கதைதான். முனையில் பல்சக்கரமும் முள்ளும் சேர்த்தால் மீட்டர் தயார். பழுதான மானி ஒன்றை வகுப்பில் பிரித்துக் காட்டினேனே, அந்த வளைந்த பித்தளைக் குழாய் இதுதான்.

இந்தக் குழாய்க்கு உள்ளே பாய்லர், வெளியே நம் காற்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டுமே முள் சொல்லும். பஞ்சரான டயரிலும் காற்று உண்டு, ஆனால் வெளிக்காற்றைவிட அதிகமில்லை. அதனால்தான் பூஜ்யம். தாமதத்துக்கு மன்னிக்கவும், தம்பி.

டர்போவின் கதையைச் சுருக்குகிறேன். 1905இல் சுவிட்சர்லாந்தின் ஆல்ஃபிரெட் பூகி காப்புரிமை பெற்றார். 1918இல் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் மாஸ் 14,000 அடிக்கு மேலுள்ள பைக்ஸ் பீக் உச்சிக்கு ஒரு விமான எஞ்சினைக் கொண்டுபோய் ஓட்டினார். கீழே 350 குதிரைத்திறன் தந்த எஞ்சின் மேலே 230தான் தந்தது. டர்போ சேர்த்ததும் 356!

இரண்டாம் உலகப்போரில் பூஜ்யமே நாட்டுக்கு நாடு மாறியது. பிரிட்டிஷ் விமானிகளுக்குக் கடல்மட்டக் காற்றழுத்தம்தான் பூஜ்யம், அதற்கு மேல் எத்தனை பவுண்டு என்பது கணக்கு. அமெரிக்கர்களுக்கு முழு வெற்றிடம் பூஜ்யம், அளவு பாதரச அங்குலத்தில். ஜெர்மானியர்களுக்கும் வெற்றிடமே பூஜ்யம், அளவு 'அட்டா' என்ற அலகில். ஸ்பிட்ஃபயரில் +12 என்று நிற்கும் முள், அமெரிக்க மானியில் 54ஐ ஒட்டியும் ஜெர்மன் மானியில் 1.9ஐ ஒட்டியும் நிற்கும். அழுத்தம் ஒன்றே.

1962இல் டர்போவோடு வந்த ஓல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர் காரில் எஞ்சின் தட்டாமல் இருக்க, தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்தைத் தனித் தொட்டியில் ஊற்ற வேண்டும். எச்சரிக்கை விளக்கும் வைத்தார்கள். பலர் ஊற்றவில்லை. திரவம் தீர்ந்தால் எஞ்சின் தானே வேகத்தைக் கட்டுப்படுத்திக்கொள்ளும், கார் மந்தம் என்று கெட்ட பெயர். கடைசியில் நிறுவனமே பலருடைய டர்போவைக் கழற்றிக் கொடுத்தது. ஸாப் கம்பெனியின் மீட்டரில் எண்ணே இல்லை, வண்ணப் பட்டைகள்தான். சாலையைப் பார்க்க வேண்டிய ஆளுக்கு அதுவே உத்தமம்.

இனி தம்பிக்கு. பார் அளவு வாங்கு, வெற்றிடப் பக்கமும் உள்ளதாக. பெட்ரோல் எஞ்சின் ஐடிலில் நிற்கும்போது முள் -0.6, -0.7 வாக்கில் நின்று அதன் ஆரோக்கியத்தைச் சொல்லும். (டீசல் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு அந்தப் பக்கம் அநேகமாக வீண்.) ரப்பர் குழாயைக் கேபினுக்குள் இழுக்காமல் சென்சார் உள்ளதை எடு. குழாய் விரிசல் விட்டால் எஞ்சின் கண்ட காற்றையும் உறிஞ்சும். கிளிசரின் நிரப்பிக் காற்றுத்துளை இல்லாமல் மூடியது வேண்டாம், மலையில் தப்பாகக் காட்டும்.

ஊட்டியில் வெளிக்காற்றே சுமார் 0.77 பார்தான். உன் காரின் கம்ப்யூட்டர் முழு வெற்றிடத்திலிருந்து கணக்கிட்டு 2 பார் தர முயன்றால், கோவையில் 1ஐ ஒட்டி நின்ற முள் மேலே 1.2 காட்டலாம். பயந்துவிடாதே. டர்போ அங்கே கூடுதலாக உழைக்கிறது, அவ்வளவுதான். பூஸ்டை ஏற்றித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால் மட்டும், குழந்தைகளை உட்கார வைத்துப் பரிசோதிக்காதே. முள் சொல்லும், தடுக்காது.

மாட்டியபின் அடுத்த முறை ஊட்டி போகும்போது எஞ்சினை அணைத்துவிட்டு, சாவியை மட்டும் ஆன் செய்து மீட்டரைப் படம் எடுத்து அனுப்பு. முள் பூஜ்யத்தில் நிற்கிறதா, அதற்குக் கீழே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும்.